முந்தி விழுந்த பொறி

இல்ல மாமா, குடிக்கிறவரு இல்ல. அத யாரு கெளப்பி வுட்டாங்கன்னு தெரியல. கை நீட்டி ஒரு அடி அடிச்சதும் கெடையாது. சிகரெட்டு கூட கம்பெனி பஸ்ஸு நிக்கிற எடத்துலயே முடிச்சுட்டு, வாயக் கொப்புளிச்சுட்டுத்தான் வூட்டுக்குள்ள வருவாரு. வேற பொம்பளையா? சே, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒங்க அக்கா மவன், ஒங்க மருமவனப் பத்தி நான் இல்லாததச் சொல்ல மாட்டேன்.

நீங்க மொதல்ல அப்டி குந்துங்க. நாங்குநேரிலேர்ந்து பஸ்ல ஒக்காந்துகினே வந்து காலு வீங்கிப் போய் கீது பாருங்க. தோ பாய் போட்டுட்டேன், நல்லா நீட்டிக்குங்க. கொழந்தைய எங்கம்மா ரேசன் கடைக்குத் தூக்கினு போயிருக்காங்க, வந்துடுவாங்க. அண்ணன் ஷிப்டு முடிஞ்சு வர இன்னும் நேரம் கீது. அதுக்குள்ள பேசிடலாம். அவரு எதிர்ல நான் வாயத் தொறக்க மாட்டேன்.

நாச்சியார் அத்த அனுப்பினாங்களா? மாமியா அழுது கூப்ட்டா வரமாட்டா, மாமியாரோட தம்பி போனா வருவான்னு நெனச்சுட்டாங்க போல. நெனச்சதுல தப்பு இல்ல. எங்க கல்யாணத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு வேன் ஜனம் வந்துச்சு. அதுல எங்கம்மா பக்கத்துல வந்து குந்தி, ஒங்க பொண்ண நாங்க பாத்துக்கிடுதோம்னு சொன்னது நீங்க ஒருத்தருதான். அதனாலதான் ஒங்க கிட்ட சொல்றேன்.

ஏன் அவர வுட்டு வந்தேன்னு காரணம் கேக்கறீங்களே, அதுக்கு நான் ஒரு காரப் பத்தி சொல்லணும். சிரிக்காதீங்க மாமா.

தோ, இந்த ஜன்னல்ல எட்டிப் பாருங்க. நீலக் கலர்ல நீளமா ஒரு ஷெட்டு தெரியுதா? அதுல அந்தக் கோடி மூலைதான் எங்க கழனி. எங்கப்பா இருந்த வரைக்கும் நெல்லு வெச்சுகினு இருந்தோம். கெவருமெண்டுலேர்ந்து இந்தக் கம்பெனிக்குன்னு எடுத்துக்கினாங்க. நெலம் போன வூட்டுக்கு ஒரு வேலன்னு சொன்னாங்க. அப்பா அதக் கேட்டுட்டு, சரி, லோகேசு பொழச்சுக்குவான்னு சொல்லிட்டு அந்த வருசமே கண்ண மூடிட்டாரு. லோகேசுன்னா எங்கண்ணன்தான். ஐடிஐல மோட்டாரு படிச்சவரு. கம்பெனி கூப்புடற வரைக்கும் சும்மா இருப்பானேன்னு ரோட்டோரமா ஒரு ஷெட்டு போட்டு வண்டி பாத்துகினு இருந்தாரு.

அப்போதான் ஒங்க மருமவன் வந்தது. எங்க வூட்டுக்குப் பின்னால நாலு ரூமு கட்டி வுட்டிருந்தோம். தெக்கத்திப் பசங்க ஒரு ரூமுக்கு ஆறு பேரு, ஏழு பேரு தங்கிகினு இருப்பாங்க. அதுல ஒருத்தரு இவரு. காண்டிராக்டுல ஆறு மாசம் வேல, அப்பால நிறுத்திடுவாங்க, மறுபடி எடுப்பாங்க. நிறுத்தி வெச்சிருக்கற நாள்ல சோத்துக்கு வழி இல்லாம படுத்துகினு இருந்தவரத்தான் எங்கண்ணன் எழுப்பினு வந்து ஷெட்டுல சேத்துக்கினாரு. நீயும் ஐடிஐதான, வா பாண்டி, பசியோட படுத்துக் கெடக்காதன்னு. எங்கம்மா அவருக்கும் சேத்து ஒல வெக்க ஆரம்பிச்சாங்க. ஒரே தட்டுல பெசஞ்சு சாப்ட்டுகினு இருந்தாங்க மாமா ரெண்டு பேரும். யாராச்சும் கேட்டா என் தம்பின்னுதான் சொல்லுவாரு எங்கண்ணன்.

அந்தக் கம்பெனில இஞ்சினு செக்சனுக்கு ஆளு எடுத்தாங்க. பர்மனெண்டு. ரெண்டு பேரும் எழுதினாங்க, ரெண்டு பேரும் பாஸு. ஆனா எடம் ஒண்ணுதான். நெலம் குடுத்தவங்க வூட்டுப் புள்ளன்றதால அண்ணனுக்கு மொத எடம். அவரு வரலன்னா அடுத்தது ஒங்க மருமவன். அண்ணனுக்கு வேலைல சேர்றதுக்கு முன்னால பண்ற மெடிக்கலுக்கு நாளு குறிச்சு சொல்லிட்டாங்க. எங்கம்மா வல்லக்கோட்ட முருகனுக்கு வேண்டிக்கினாங்க. ஒங்க மருமவன் அண்ணனக் கட்டிப் புடிச்சுகினு சந்தோசப்பட்டாரு. நான் பக்கத்துல நின்னு பாத்துகினுதான் இருந்தேன்.

அந்த வாரத்துலதான் ரைஸு மில்லு கண்ணப்பன் காரக் கொண்டாந்து வுட்டாரு. மோரிஸ் மைனரு. அவங்கப்பா காலத்து வண்டி. ஆம மாதிரி உருண்டையா, பாக்கறதுக்கு ஷோக்கா இருக்கும். அவரு பொண்ணுக்கு கல்யாணம், மாப்ள அழைப்புக்கு அந்த வண்டிதான் வேணும்னு நின்னுட்டாரு. அண்ணன் இஞ்சினு மண்டையக் கழட்டி, வால்வு தேச்சு, கேஸ்கெட்டு மாத்தி எல்லாம் பண்ணி முடிச்சாரு. மெடிக்கலுக்கு முந்தின நாளு டைமிங்கு மட்டும்தான் பாக்கி.

டைமிங்குன்னா, எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். நான் அந்த ஷெட்டுலயே கெடந்தவ. இஞ்சினுக்குள்ள பிஸ்டன் மேல ஏறி வருமில்ல, அது உச்சிக்கு வர்றதுக்கு ஒரு மயிரிழ முன்னாடி பிளக்குல பொறி விழணும். விழுந்தா நெருப்பு புடிச்சு பிஸ்டன கீழ ஒதச்சுத் தள்ளும், வண்டி ஓடும். பொறிய எப்போ வுடணும்னு பாத்துக்கறதுக்கு டெல்கோன்னு ஒண்ணு கீது, செம்பு சைஸுக்கு மூடி போட்டு ஒயரெல்லாம் தொங்கும். அத இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினா பொறி முந்தி விழும், பிந்தி விழும். அண்ணன் ஒரு சின்ன பல்ப ஒயர்ல கட்டி வெச்சுகினு, டெல்கோவ மெள்ள மெள்ளத் திருப்புவாரு. பல்பு பட்டுனு எரியற எடம்தான் கணக்கு. அங்கயே நட்ட இறுக்கிடணும். அன்னிக்கும் அப்டித்தான் வெச்சாரு. பல்பப் புடிச்சுகினு நின்னது நான்தான். எரிஞ்சுது. நட்ட இறுக்கினாரு. இன்னும் ஒரு தபா இறுக்கினாரு. அவரு எதையும் ரெண்டு தபா செய்வாரு.

அதுக்குள்ள கண்ணப்பன் வந்து ரோட்ல நின்னுகினு, ஆச்சா ஆச்சான்னாரு. அண்ணன் போயி அவருகிட்ட பேசிகினு இருந்தாரு. நான் டீ போட உள்ள வந்துட்டேன்.

பாட்டரில பல்பு எரியற அளவுக்குத்தான் சார்ஜி, ஸ்டார்ட்டரு சுத்தாது. முன்னால இரும்பு ஆண்டிலு போட்டு கையால சுத்திதான் எடுக்கணும். ஒங்க மருமவன் ஷெட்டுலேர்ந்து கொரல் குடுத்தாரு, எல்லாம் ரெடிண்ணே, வந்து சுத்துங்கன்னு. அத நான் அடுப்பாங்கரைல கேட்டேன்.

பொறி ரொம்ப முந்தி விழுந்தா இன்னா ஆகும் தெரியுமா மாமா? பிஸ்டன் பாதி வழி ஏறி வர்றப்பவே நெருப்பு அத கீழ தள்ளிடும். இஞ்சினு வந்த பக்கமே திரும்பும். கூடவே ஆண்டிலும் திரும்பும். கழுத ஒதைக்கற மாதிரி இல்ல, அத வுட நூறு பங்கு. சத்தம் இன்னும் என் காதுல கீது. இரும்பு சத்தம் இல்ல, காஞ்ச வெறகு முறியற சத்தம். நான் ஓடிப் போயி பாத்தேன், அண்ணன் மண்ணுல குந்திகினு கையப் பாத்துகினு இருந்தாரு. மணிக்கட்டு வேற பக்கம் பாத்துகினு இருந்துச்சு.

ஆட்டோ புடிச்சது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது, ரெத்தம் வேணும்னு சொன்னப்போ படுத்து கைய நீட்டினது, எல்லாம் ஒங்க மருமவன்தான். அழுதுகினே பண்ணாரு. ஆபரேசன் பண்ணி கம்பி வெச்சாங்க. எலும்பு ஒண்ணு ரெண்டா ஒடையல மாமா, தூளாயிட்டு இருந்துச்சு. டாக்டரு அவரால ஆனது பண்ணாரு, அவரக் கொற சொல்ல மாட்டேன். கை இருக்கு, வெரலு இருக்கு. ஆனா மடக்க வராது. ஒரு ஸ்க்ரூ திருப்ப முடியாது. சோறு எடது கைலதான். ஜனம் இருக்கற எடத்துல சாப்புட மாட்டேன்னு பந்திக்கே போறதில்ல. நீங்க கல்யாணத்துல பாத்திருப்பீங்க, அண்ணன் எங்கன்னு தேடினீங்களே, அவரு சமையக்கட்டுல நின்னு சாப்ட்டுகினு இருந்தாரு.

எப்டி ஆச்சுன்னு எல்லாரும் கேட்டாங்க. ஒங்க மருமவன் தயங்கித் தயங்கி சொன்னாரு, டெல்கோ நட்டு லூசா இருந்துச்சுண்ணே, சுத்தினப்போ திரும்பிக்கிச்சு, அப்பால நான்தான் சரி பண்ணி இறுக்கினேன்னு. அண்ணன் அதக் கேட்டுகினு செவுத்தப் பாத்துப் படுத்துகினாரு. நட்டு இறுக்கத் தெரியாத எனக்கு இன்னாத்துக்குடா கம்பெனி வேலைன்னாரு. அதுக்கப்புறம் அவரு ஷெட்டத் தொறக்கவே இல்ல. எடது கையால கூட ஒரு ஸ்பானரத் தொடல. வலியால இல்ல மாமா. தன் மேல இருந்த நம்பிக்க போயிடுச்சு.

கம்பெனில ஒரு வாரம் கூட பொறுக்க மாட்டேன்னுட்டாங்க. அடுத்த பேரக் கூப்ட்டாங்க. ஒங்க மருமவன் போகமாட்டேன்னாரு. அண்ணன் வேலைக்கு நான் போக மாட்டேன்னு வாசப்படில குந்திகினு அழுதாரு. எங்கண்ணன்தான் கட்டு போட்ட கையோட எழுந்து வந்து, போடா, நம்ம கழனிக்கு வந்த வேல, நம்ம வூட்டு ஆளுக்கே போவட்டும்னு அனுப்பி வெச்சாரு. அப்பால அவரேதான் எங்கம்மா கிட்ட பேச்செடுத்தாரு. அமலாவ பாண்டிக்கே குடுத்துடலாம்னு. எங்கம்மா, எந்த ஊரோ எந்த ஜனமோன்னு இழுத்தாங்க. அண்ணன் கேக்கல. ரத்தம் குடுத்தவன விட சொந்தம் யாருன்னாரு. நான்? என்ன யாரு மாமா கேட்டாங்க. ஆனா பொய் சொல்ல மாட்டேன், கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். எனக்கும் அவரப் புடிச்சிருந்துச்சு.

நல்லாத்தான் வெச்சிருந்தாரு. ஸ்ரீபெரும்புதூர்ல தனியா வூடு. லீவு நாள்ல எனக்கு துணி கூட அலசிப் போடுவாரு. எங்கண்ணன் சும்மா வூட்லயே கெடந்து பைத்தியம் மாதிரி ஆயிட்டாருன்னு, கம்பெனில யார் யாரையோ புடிச்சு செக்யூரிட்டி வேல வாங்கிக் குடுத்ததும் அவருதான். அதே கம்பெனி. கேட்டுல. நீலச் சட்ட, தொப்பி. காலைல பஸ்ஸு வரும், அண்ணன் எடது கையால கேட்டத் தள்ளித் தொறப்பாரு, ஒங்க மருமவன் உள்ள குந்திகினு போவாரு. கைய ஆட்டுவாங்களாம் ரெண்டு பேரும். அத எங்கண்ணன் பெருமையா சொல்லுவாரு. நம்ம நெலத்துக்கு நானே காவலுன்னு ஒரு நாளு சிரிச்சாரு. எங்கம்மா எழுந்து கொல்லப்பக்கம் போயிட்டாங்க.

வல்லக்கோட்டைல கொழந்தைக்கு மொட்ட போட்டோமே, நீங்க வந்திருந்தீங்க. பாத்தீங்க இல்ல? தாய்மாமன் மடில வெச்சாங்க. கனிஷ்கா கத்திய பாத்ததும் துள்ள ஆரம்பிச்சுட்டா. அண்ணனால அவ தலைய அசையாம புடிக்க முடியல. அந்தக் கை வழுக்கிகினே போச்சு. மொட்ட போடறவரு, வேற ஆளு யாராச்சும் குந்துங்க சாமி, கத்தி பட்டுடப் போவுதுன்னுட்டாரு. அவரு தப்பா சொல்லல. அண்ணன் எழுந்து நின்னாரு. எழுந்துட்டு எங்க நிக்கறதுன்னு தெரியாம நின்னாரே, அத நீங்களும் பாத்தீங்க. அப்பால ஒங்க மருமவன்தான் குந்தினாரு. மாமன் மடில போட வேண்டிய மொட்ட, அப்பன் மடில ஆச்சு.

நீங்கல்லாம் வேன் ஏறினதும் நாங்க வூட்டுக்கு வந்துட்டோம். பொழுது சாயல. கொழந்த தூங்கிடுச்சு. எனக்கு மனசு தாங்கல. அண்ணன் நின்ன கோலம் கண்ணுலயே நிக்குது. அழுதுகினே இருந்தேன். இவரு பக்கத்துல வந்து குந்தி, தலையத் தடவிக் குடுத்துகினு இருந்தாரு. நான் எதுக்கோ ஒரு வார்த்த சொன்னேன். எங்கண்ணன் சொன்னாருன்னுதான என்னக் கட்டிக்கினீங்க, நீங்களா எனக்காக இன்னா பண்ணீங்கன்னு. கோவமா கூட கேக்கல மாமா. அழுதவ ஏதோ ஒண்ணு சொல்றதுதான.

அவரு சிரிச்சாரு. ஒங்க ஊரு பேச்சு வந்துடும் அவருக்கு, மனசு நெறஞ்சு இருந்தா. ஏட்டி, ஒனக்காவ நான் என்ன செஞ்சிருக்கேம்னு ஒனக்குத் தெரியாதுட்டின்னாரு. சொல்லுங்கன்னேன். சொன்னாரு. ஒங்க அண்ணாச்சி வேலைக்குப் போயிருந்தா ஒன்னய ஒரு கம்பெனிக்காரனுக்குல்லா கெட்டிக் குடுத்திருப்பாரு, வாடகைக்குக் கெடந்த எனக்கா தந்திருப்பாருன்னு. அதான் நட்ட எளக்கி டெல்கோவ நல்லா முந்தித் திருப்பி வச்சேம்னு. கை லேசா சுளுக்கும், மெடிக்கல் தவறிரும், அம்புட்டுதான்னு நெனச்சேம், எலும்பு நொறுங்கும்னு கண்டேனான்னாரு. நீங்கல்லாம் அண்ணாச்சியச் சுத்தி நிக்கயில, அத மறுபடி சரியாத் திருப்பி இறுக்கிட்டேம்னும் சொன்னாரு.

சொல்லி முடிச்சுட்டு என் மூஞ்சையே பாத்துகினு இருந்தாரு மாமா. நான் உருகிப் போவேன்னு. பொடவ வாங்கியாந்து குடுத்துட்டு பாப்பாங்க இல்ல, புடிச்சிருக்கான்னு, அந்தப் பார்வ.

நான் எழுந்து போயி மொகம் கழுவினேன். சோறு வெக்கட்டுமான்னு கேட்டேன். வெச்சேன். அவரு வலது கையால பெசஞ்சு பெசஞ்சு சாப்ட்டத பாத்துகினு நின்னேன். ரசம் கேட்டாரு, ஊத்தினேன். அவருக்கு இன்னி வரைக்கும் தெரியாது, நான் இன்னாத்துக்கு வந்துட்டேன்னு. பழைய கதைக்கா போவா, அதுவும் அவளுக்காக செஞ்சதுக்கான்னு யோசிச்சுகினு இருப்பாரு.

மூஞ்சத் தொடைங்க மாமா. நீங்க இன்னா பண்ணுவீங்க. ஒங்க கையப் புடிச்சு வளந்த புள்ள, ஒங்களுக்கு இருக்கும்.

போலீசா? யாரு சாட்சி, அந்தக் காரா? அத கண்ணப்பன் எப்பவோ வித்துட்டாரு. அதுவும் இல்லாம, போலீசுக்குப் போனா மொதல்ல யாருக்குத் தெரியும்னு யோசிங்க.

இல்ல மாமா. அண்ணனுக்குத் தெரியாது. நான் சொல்லல. தெனம் வேல முடிஞ்சு வந்ததும் என்னத்தான் திட்டறாரு. பாண்டி மாதிரி ஒருத்தன் கெடைப்பானாடி, தங்கமான பையன ஏண்டி இப்டி நோவடிக்கறன்னு. எங்கம்மா கூட என்கிட்ட மொகம் குடுத்து பேசறதில்ல. எல்லாருக்கும் நான்தான் திமிரு புடிச்சவ. இருந்துட்டுப் போறேன். எங்கண்ணனுக்குக் கழனி போச்சு, வேல போச்சு, கை போச்சு. அவரு கிட்ட மிச்சம் இருக்கறது ஒரு தம்பிதான். அதையும் நான் புடுங்கணுமா? அவரு நட்ட சரியாத்தான் இறுக்கினாருன்னு சொல்ல முடிஞ்சா போதும் மாமா எனக்கு. அத மட்டும் தனியா சொல்றதுக்கு எனக்கு ஒரு வழி தெரியல.

ஊர்ல போயி அவளுக்கு வாய் ஜாஸ்தி, குடும்பத்துக்கு ஆவ மாட்டா, நானே வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்னு சொல்லுங்க. அத்த ரெண்டு நாளு திட்டுவாங்க, அப்பால அடங்கிடும்.

சைக்கிள் சத்தம் கேக்குது, அண்ணன்தான். எழுந்துக்காதீங்க, குந்துங்க. வந்த ஒடனே, பாண்டி கேட்டுல பாக்கறப்போ எளச்சாப்ல கீறான், வூட்ல எப்டி கீறான்னு கேப்பாரு. நல்லா கீறாருன்னு சொல்லுங்க மாமா. காப்பி ஆறிப் போச்சு, குடுங்க, சுட வெச்சு எடுத்தாரேன்.